மாமனார் அறைக்கு அட்டைச் சுவர்

"நடுச் சுவருக்கு போர்டே போதுங்க" என்றாள், புது வீட்டுக்கு வரைபடம் போட ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு வந்த மருமகள்.

மவுஸைப் பிடித்திருந்த ஸ்கேலின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஸ்கேல் என்பது அந்த ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வரைபடம் போடுபவரின் பட்டப்பெயர். கோடும் நேராக இருக்கணும், ஆளும் நேராக இருக்கணும் என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். அதனால் வந்த பேர்.

கம்ப்யூட்டரில் வீடு கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சுவர் எந்த வகை என்று சொல்ல வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல்லா, நாலரையா, அட்டை மாதிரி லேசான போர்டா? அதன் கனத்தைப் பார்த்துத்தான் கதவும் ஜன்னலும் போய் உட்காரும். ஸ்கேல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பேர் வைத்துவிடுவார். 'குளியலறை – ஈரம் ஏறாது', 'மேற்குப் பக்கம் – வெயில் தாங்கும்' என்று, எது எதற்கு என்பது பேரிலேயே தெரிய வேண்டும். அதில் ஆபீசில் யாருக்கும் சலுகை கிடையாது.

"மாமனார் ரூமுக்கா போர்டு?" என்றார் ஸ்கேல்.

"ஆமாங்க. அவர் ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல. கதவும் லேசா இருந்தாப் போதும். அந்தச் சுவத்துலயே கட்டில் உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னலும் வேணும்."

"ரெண்டு ரூமுக்கு நடுவுல ஜன்னலா? எதுக்கு?"

"தேவைப்படுதுங்க" என்றவள், போன் அடிக்கவே எழுந்து வெளியே போனாள்.

ஸ்கேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஆர்க்கிடெக்ட் மேடத்திடம் போனார்.

"பார்த்தீங்களா மேடம்? வீடு முழுக்க செங்கல்லாம், பெரியவருக்கு மட்டும் அட்டையாம்! போதாக்குறைக்கு வேவு பார்க்க ஜன்னல் வேற!"

"அவங்க வீடு, அவங்க சுவர். சொன்னதைப் போடுங்க, சார்."

"எங்கப்பாவுக்கு நான் எப்படி ரூம் கட்டிக் கொடுத்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும்..."

மேடத்துக்குத் தெரியும். ஆபீஸுக்கே தெரியும். போன வருஷம் ஸ்கேல் தன் வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு அறை சேர்த்தார். இரண்டு அடுக்குச் செங்கல், நடுவில் பஞ்சுப் பலகை, ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மரக்கதவு. "வெயிலும் ஏறாது, குளிரும் ஏறாது" என்று ஸ்கேலே ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

மேடம் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்கேல் முடிவு பண்ணிவிட்டார்.

போர்டுச் சுவரை அழித்தார். அதிலிருந்த சின்ன ஜன்னலும் கூடவே போய்த் தொலைந்தது. தன் வீட்டு ஃபைலைத் திறந்தார். அப்பா அறைச் சுவரைக் கதவோடு அப்படியே எடுத்து, இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்தார். இருந்த ஆவேசத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. யாரோ ஒரு பெரியவருக்காக இத்தனை செய்கிறோமே என்று அவருக்கே கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை மருமகள், மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேடம் பெரிய திரையில் வீட்டைத் திறந்து காட்டினார்.

"இது போர்டு மாதிரி தெரியலையே" என்றாள் மருமகள். "கதவு நிலை இவ்வளவு அகலமா இருக்கு. நான் கேட்ட ஜன்னல் எங்கே?"

ஸ்கேல் எழுந்து நின்றார்.

"நான்தாங்க மாத்தினேன். மனசு கேக்கலை. உங்க சொந்த அப்பாவா இருந்தா இப்படி அட்டைக்குப் பின்னாடி போடுவீங்களா? பெரியவங்களுக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?"

மருமகள் முகம் சிவந்துவிட்டது.

மாமனார்தான் சிரித்தார்.

"தம்பி, போர்டு போடச் சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"இப்ப இருக்கிற வீட்ல நல்ல கெட்டிச் சுவர். ஒரு நாள் கட்டில்லேர்ந்து கீழே விழுந்துட்டேன். ஒரு மணி நேரம் சுவத்தைத் தட்டினேன், கத்தினேன். அந்தப் பக்கந்தான் இருந்தாங்க, ஒண்ணுமே கேக்கலை. அன்னியிலேர்ந்து இந்தப் பொண்ணு என் ரூம் வாசல்ல தரையிலதான் படுக்குது. எட்டு மாசம் ஆச்சு. புது வீட்லயாவது அது கட்டில்ல படுக்கட்டுமேன்னு பார்த்தேன்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜன்னல் மட்டும் என் யோசனை, சார். திரும்பிப் படுத்தாலே முகம் தெரியுமில்ல..."

ஸ்கேல் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரொம்ப சாரிங்க" என்றார் மேடம். "ஒரு நிமிஷம், இப்பவே மாத்திடலாம். எந்த வகைச் சுவரைப் போட்டிருக்காருன்னு பார்ப்போம்."

அப்போதுதான் ஸ்கேலுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

"வேணாம் மேடம்! நானே... நானே மாத்திடறேன்..." என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்.

அதற்குள் மேடம் சுவரின் மேல் கிளிக் செய்துவிட்டார். போன வருஷம் ஸ்கேல் தன் கையாலேயே வைத்த பேர், பெரிய திரையில் எல்லோரும் படிக்கும்படி வந்து நின்றது:

'அப்பா ரூம் – இருமல் வெளியே கேட்காது.'