இரண்டு பச்சைப் பட்டன்கள்

மருத்துவத் தொழில்நுட்ப எம்.பி.ஏ. நேர்காணலில், தலைமைப் பேராசிரியர் ஜெபக்கனியின் விண்ணப்பத்தை நுனிவிரலால் ஒதுக்கினார். "ஊர்ல இத்தனை காலேஜ் இருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் அப்ளை பண்ணீங்க? நர்ஸுக்கெல்லாம் இங்க சுலபமா சீட் கிடைக்கும்னு யாராவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்விக்கான பதிலை ஒன்றரை வருஷமாக அவள் வாய்க்குள் வைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் சுவரில் கோட் சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்த பழைய மாணவனின் படத்தைக் காட்டினாள். "இவர் எங்க படிச்சார்னு தேடித்தான் வந்தேன் சார். எங்க ஐ.சி.யூ.வுல இருக்கிறது இவர் டிசைன் பண்ண மெஷின்."

கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மருந்து ஏற்றும் மெஷினின் முகப்பு மட்டும். அதில் ஒட்டினாற்போல் இரண்டு பச்சைப் பட்டன்கள்.

"ஒண்ணை அமுக்கினா அலாரம் நிக்கும். இன்னொண்ணை அமுக்கினா பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற மருந்தே நின்னுடும். நான் மாத்தி அமுக்கிட்டேன். பதினேழாம் பெட்காரர் போயிட்டார். என் கவனக்குறைவுன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்து வாங்கினாங்க."

பேராசிரியர் தன்னோடு நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்துச் சிரித்தார். "பட்டன் மேலேயே எழுதியிருக்குமேம்மா."

"எழுதியிருந்துச்சு. தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். ஆறே மாசத்துல அழிஞ்சு போச்சு." முகப்பை அவர் பக்கம் தள்ளினாள். "இப்ப அலாரம் அலறுது. நிறுத்துங்க சார்."

சிரித்த வாயோடு அவர் விரல் ஒரு பட்டனுக்குப் போனது. தயங்கியது. அடுத்ததன்மேல் போய் அந்தரத்தில் நின்றது. ஜெபக்கனி தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் சார். பேஷண்டுக்கு பிரஷர் இறங்குது."