ஒரு கை உப்பு

ராமநாதபுரம் கடைத்தெருவில் அம்புஜவல்லியை யாரும் காறித் துப்பவில்லை. அவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

வேண்டுமென்றே வாடகைக் காரை விட்டு இறங்கி, முக்காட்டை விலக்கி, வளையல் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் நின்றாள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தயாரிப்பாளர் மாசிலாமணி காருக்குள் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷமாகச் சினிமாவில் கொடுமைக்காரச் சித்தி என்றால் அது அம்புஜவல்லிதான். கும்பகோணத்துப் பாட்டுக் குடும்பம் என்று பத்திரிகைகள் எழுதின. டில்லியில் கொடுத்த பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாள். அதே பெட்டியில் ஒரு பிய்ந்த செருப்பும் இருந்தது. மதுரையில் படம் பார்த்துவிட்டு வந்த ஒரு கிழவி அவள்மேல் எறிந்தது. பதக்கம் யாருக்கும் கிடைக்கும், செருப்பு கிடைக்காது என்பாள்.

கடைசி இரண்டு படங்களும் படுத்துவிட்டன. அவள் கண்ணை உருட்டினால் தரை டிக்கெட்டில் சிரிக்கிறார்களாம். புதுப்படத்தின் சித்தி வேஷத்துக்கு மாசிலாமணி வேறொருத்தியைப் பார்த்து வைத்திருந்தார். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க அவர் தெற்கே கிளம்பியபோது, இவளும் எழும்பூரில் அதே ரயிலில் ஏறிக்கொண்டாள். ஜனங்கள் தன்னை இன்னும் வெறுக்கிறார்கள், நேரில் காட்டுகிறேன், காட்டிவிட்டால் வேஷம் எனக்கு என்று பந்தயம் கட்டியிருந்தாள்.

கார் புறப்பட்டதும் மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"பெஞ்சைத் துடைச்சுப் போடுறான். அடுத்த படத்துல உங்களுக்கு அம்மன் வேஷம் தரலாம் போல."

ராமேஸ்வரம் கோயில் கூட்டத்தில் பாருங்கள் என்றாள் அவள். அவரோ அந்தப் பக்கத்துக்காரனான டிரைவர் தவசியிடம் வாலிநோக்கத்துக்கு விடச் சொன்னார். ஒரு பாட்டுக்கு வெள்ளை வெளேரென்று இடம் வேண்டும், அங்கே உப்பளம் இருக்கிறதாம்.

தனுஷ்கோடி மணலே வெள்ளைதானே என்றாள் அம்புஜவல்லி. உப்புக் காற்றில் முகம் கெட்டுவிடும் என்றாள். அந்த முகத்துக்கு இனி என்ன வேலை என்று கேட்டார் மாசிலாமணி.

உப்பளத்தில் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். இங்கேயும் பெஞ்சு போடுவார்கள் என்று பயமா என்று அவர் சீண்டவும், கதவைத் திறந்து இறங்கினாள்.

மாசிலாமணி பூட்ஸ் காலோடு வரப்பில் இரண்டு முறை வழுக்கி, தவசியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்புஜவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முன்பாதத்தை ஊன்றி, கீழே பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

"டான்ஸ் படிச்ச காலு" என்றார் அவர் எரிச்சலோடு.

பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் தலையில் ஓலைப்பெட்டியோடு அதே வரப்பில் எதிரே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அம்புஜவல்லியின் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

பெட்டியை இறக்கி வைத்தாள். ஒரு கை உப்பை அள்ளி, மண்ணை வாரித் தூற்றுவதுபோல அம்புஜவல்லியின் முகத்தில் அடித்தாள்.

"பச்சப்பிள்ளையப் பட்டினி போட்டவதானடி நீ. உச்சி வெயில்ல நிப்பாட்டிட்டுப் போனவதான. நீ வெளங்குவியா? அந்தக் கை அழுகிப் போகும், பாரு."

தவசி குறுக்கே பாய்ந்தான். "ஏய் ராக்கு, இவுக யாருன்னு தெரியுமா?"

"தெரியும், தெரியும்" என்று அவள் இன்னொரு கை அள்ளினாள்.

அம்புஜவல்லி கண்ணைத் துடைக்கவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மாசிலாமணியிடம்.

அவர் வழுக்கியதையெல்லாம் மறந்துவிட்டார். அம்புஜவல்லியின் முதல் படத்தில் அந்தக் காட்சி உண்டு. சித்தி மூத்தாள் பிள்ளைக்குச் சோறு போடாமல் வெயிலில் நிற்க வைப்பாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்தப் பொட்டல் உப்பளத்தில் ஒருத்திக்கு அது மறக்கவில்லை. அவர் அங்கேயே கைகூப்பினார். வேஷம் உங்களுக்குத்தான், பார்த்து வைத்திருந்த நடிகைக்கு வேண்டாமென்று இன்றைக்கே தந்தி அடித்துவிடுகிறேன் என்றார்.

"சரி, கிளம்புங்க" என்று திரும்பினாள் அம்புஜவல்லி. விறுவிறுவென்று வரப்பில் நடந்துபோய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து தவசியைக் கூப்பிட்டாள். அவன் வராததால் ஹாரனை அவளே அழுத்தினாள்.

மாசிலாமணிக்குப் போக மனசு வரவில்லை. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ரசிகையை அவர் பார்த்ததில்லை. புதுப்படம் வந்ததும் இவளுக்கு ஓசியில் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ராக்கு பக்கத்தில் போனார்.

"கோவிச்சுக்காத தாயி. நல்லாத்தான் ஏசினே. அந்தச் சித்தியை எந்தக் கொட்டகையில பாத்தே?"

ராக்கு சும்மாட்டைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

"சித்தியா? அவ என்னையப் பெத்த ஆத்தா."