நிறுத்தும் அமிலம்

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்து ஆள் ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தையும் கூடவே வைப்பார்கள். ரெஜினா வேலைக்குச் சேர்ந்த வருடம், அங்கே வேலை பார்த்த அருமைநாயகம்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ஊசி குத்தியது அவள். பிறகு அவளுக்குக் கணவரானார். ஏழே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். சீரம் மட்டும் ஃபிரீசரில் இருந்தது, சோதனைக்கு ஒரு சொட்டாக.

“மேடம், சாரோடது இத்தோட சரி,” என்றாள் உடன் வேலை செய்யும் பர்வீன். “அடுத்த வாட்டி என்கிட்டயே எடுத்துக்குங்க.”

ரெஜினா கடைசிச் சொட்டை, சிறு குழிகள் வரிசையாக இருந்த சோதனைத் தட்டின் மூலைக் குழியில் விட்டாள். சாயம் சேர்த்ததும் வழக்கம்போல அந்தக் குழிதான் முதலில் நீலமானது. நோயை எதிர்க்க அவர் உடம்பு என்றோ உண்டாக்கியது இன்னும் வேலை செய்தது. பத்தாவது நிமிடம் அமிலம் விட்டு, நீலத்தை மஞ்சளாக்கி நிறுத்த வேண்டும். வரிசையாக விட்டுக்கொண்டே வந்தவள், மூலைக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“மேடம், டைம் ஆயிடுச்சு.”

“இரு பர்வீன்.”

மற்றதெல்லாம் மஞ்சளாகி நின்றுவிட, அந்த ஒரு குழியில் மட்டும் நீலம் ஏறிக்கொண்டே இருந்தது.