நீலத் திரை

"சவம், மறுபடியும் நீலமாயிட்டு!"

மேசையில் ஓங்கிக் குத்தினான் ஷாஜன். கடையில் வாங்கியதாக இருந்தால் இந்நேரம் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான். தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர். யாரைப் போய்த் திட்டுவது?

"இஞ்சேருங்க, பைய. பிள்ளை உறங்குது" என்றாள் மனைவி ஜெனிலா.

"நாளைக்குப் பரீட்சை உனக்கா, எனக்காட்டி? உனக்கு ஒரு வெப்ராளமும் பதற்றமும் இல்லியே!"

நாளைக் காலை பத்து மணிக்கு இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துதான் ஜெனிலா இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். ஜெயித்தால் இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. நடுவில் திரை நீலமானால் பரீட்சை ரத்து. அந்த ஆஸ்பத்திரியோ இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்காது. சவூதி வேலை போய் ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிற ஷாஜன், அவள் போவதைத்தான் மலைபோல் நம்பியிருந்தான்.

மூன்று நாளாக இதே கூத்து. மெமரி சோதனை ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். மெமரிப் பட்டையான ரேமை உருவி, ரப்பரால் தேய்த்து, இடம் மாற்றிப் பொருத்தினால் சமர்த்தாக ஓடும். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் பழைய குருடி கதைதான். போதாக்குறைக்கு அதே மூன்று நாளாக ஸ்குரூ டிரைவரையும் காணவில்லை. ஒவ்வொரு தடவையும் கறிக்கத்தி முனையால் திருகித் திறக்க வேண்டியிருந்தது.

கடைசியில், தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் அபிலாஷை வரவழைத்தான். அவன் ரேமை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான்.

"லே மக்கா, இதுல யாரோ எண்ணெய் தேச்சிருக்குலா?"

ஷாஜனும் முகர்ந்தான். தெரிந்த மணம்தான். அம்மா தங்கபாய் கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்திலிருந்து வாங்கி வந்த ஜெப எண்ணெய்! தலைவலிக்கும் அதுதான், கோழி முட்டையிடாவிட்டாலும் அதுதான்.

"எம்மா!"

தங்கபாய் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"பூசினேன் மக்கா, இல்லேங்கல. மருமவ பரீட்சை நல்லா நடக்கண்டாமா? ஆனா பெட்டிக்கு மேலதான் பூசினேன். உள்ள திறக்க எனக்குத் தெரியுமா?"

"மேல பூசினது உள்ள எப்படிம்மா வந்துச்சு? நடந்தா போச்சு?"

"கர்த்தருக்குத்தான் தெரியும்."

"கர்த்தரை ஏம்மா இதுல இழுக்க! மூணு நாளா தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கேன், ஒரு வார்த்தை சொன்னியா?"

தங்கபாயின் கண் கலங்கிவிட்டது.

"மாமியைத் திட்டாதீங்க" என்றாள் ஜெனிலா, தலையைக் குனிந்துகொண்டே.

அபிலாஷ் ஸ்பிரிட்டால் துடைத்துப் பொருத்தினான். ஒரு மணி நேரம் சோதனை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை.

"கொள்ளாம், நல்லா ஓடுது. இனி யாரும் தொடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஷாஜன் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது.

"தப்பிச்சோம்ட்டி! கிறிஸ்மஸுக்கு நீ இங்கிலாந்துல."

ஜெனிலா போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தங்கபாய் இன்னும் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வசனத்தை நீ வாசி மக்களே" என்றாள் மருமகளிடம்.

"இன்னிக்கு அவங்க வாசிக்கட்டும் மாமி."

"எப்பவும் நீதானே வாசிப்ப?"

ஜெனிலா தயங்கிக்கொண்டே தன் பைபிளை எடுத்து வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றரை வயது ஜெஸ்பினுக்கு அந்தப் பைபிள் உறையின் ஜிப் என்றால் கொண்டாட்டம். அம்மா தடுப்பதற்குள் பிடித்துச் சர்ரென்று இழுத்துவிட்டான்.

உள்ளேயிருந்து 'ணங்'கென்று தரையில் விழுந்தது ஸ்குரூ டிரைவர், பிடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு.

"இவனை விட்டுட்டு எனக்குப் போண்டாம்" என்று பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள் ஜெனிலா.