குனிய வேண்டிய இடம்

போன வருடத்து ஊரழகி மிருதுளா, கையில் கிரீடத்தோடு மேடையில் நின்றாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் மரத்துப் போயிருந்தது. கிரீடம் ஒன்றுதான், வருடா வருடம் தலைதான் மாறும். பரிசு என்னவோ கல்லூரிப் படிப்புச் செலவு. ஆனால் ஜெயித்தவள் ஒரு வருடம், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பட்டுப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு போயாக வேண்டும். நகைக்கடைத் திறப்பு, கோலப்போட்டி, ரத்ததான முகாம் என்று ஓடியதில், அவள் வகுப்பில் உட்கார்ந்ததைவிட ரிப்பன் வெட்டியதுதான் அதிகம். அட்டெண்டன்ஸ் போதாதென்று பரீட்சை எழுத விடவில்லை.

இந்த வருடம் ஜெயித்த ஜெசிந்தா அழுதுகொண்டே ஓடிவந்தாள். மிருதுளாவைவிட ஒரு சாண் உயரம். குனிந்தால்தான் கிரீடம் வைக்க முடியும். குனிந்தாள்.

“அக்கா, நீங்க எந்தக் காலேஜ்? நானும் அங்கயே சேரலாம்னு இருக்கேன்.”

“மேடம், சீக்கிரம் வச்சுட்டு இந்தப் பக்கம் சிரிங்க!” என்று கீழேயிருந்து கத்தினார் போட்டோகிராபர்.

மிருதுளாவின் வாய் தானாகச் சிரித்தது. கிரீடத்தைத் தூக்கிய கைதான் இறங்கவில்லை.

“நீ நிமிந்து நில்லு,” என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.