ஆற்றில் கிடந்த அழகி

திரையில் முத்துநாகை ஆற்றில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். டிரில் மாஸ்டர் பாக்கியசீலன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி கிரேஸ் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

ஒரே வாரத்தில் இதே படத்துக்கு அவர் வருவது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் தனியாக வந்தார். இன்றைக்கு மேட்னிக்கு கிரேஸும் கூடவே கிளம்பிவிட்டாள், வேவு பார்க்க.

போன கோடை விடுமுறையில் ஆற்றங்கரை ஊரான முக்கூடலில் பதினோரு நாள் இந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லி, பாளையங்கோட்டையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸுக்கே போய்விடுவார். சாயங்காலம் வரும்போது சட்டைக் காலரில் தங்கப்பொடி மின்னும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

இரண்டாம் நாளே அவருடைய பேர்போன முறுக்கு மீசையைக் காணோம். கத்தரித்ததில் ஒரு பக்கம் நீளம் கூடிவிட்டதாம், சரிபண்ணப் போய் மொத்தமும் போய்விட்டதாம்.

கிரேஸுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆசிரியைப் பயிற்சி விடுதியில் இருந்தபோது மூன்று பாகமும் அவள் படித்து முடித்த நாவலைத்தான் இப்படிப் படமாக்கியிருந்தார்கள். அதில் முத்துநாகை வாளைப் பல்லில் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் நீந்திப்போய்க் கோட்டையைப் பிடிப்பாள்.

படத்தில், முக்கூடலில் வாழைத்தோப்பு இருந்த கரையில் ஏழு மாடித் தங்க அரண்மனை நின்றது. வானத்தில் இரண்டு நிலா. தயாரிப்பாளர் வசதியானவர். முத்துநாகை மட்டும் இடைவேளைக்கு முன்னால் ஆற்றில் விழுந்தவள்தான். கூந்தல் முகத்தில் முக்கால்வாசியை மூடியிருக்க, கதாநாயகன் ஏழு மலை தாண்டி வரும்வரை அசையாமல் கிடந்தாள்.

"கதையைத் தூக்கிப் போட்டுட்டு சேலையை மட்டும் நனைச்சிருக்கானுவ," என்றாள் கிரேஸ். "என் முத்துநாகையை மரக்கட்டையா ஆக்கிட்டானுவளே!"

பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். "ஏலே, இவ எந்திரிப்பாளா, இல்ல நாம எந்திரிச்சுப் போயிருவமா?"

அரங்கமே சிரித்தது. பாக்கியசீலன் விருட்டென்று திரும்பினார்.

"அசையாம கெடக்கதுன்னா லேசுன்னு நெனச்சீரா வே? மூக்குல தண்ணி ஏறுனாலும் தும்மக்கூடாது, தெரியுமா? அந்தத் தோளைப் பாரும், என்ன விறைப்பு!"

"தோளு வரைக்கும் பாத்தாச்சோ?" என்றாள் கிரேஸ்.

"ஏட்டி, பைய பேசு."

"எதுக்குப் பைய பேசணும்? இவ கண்ணுக்கு எளமையாத் தெரியத்தான மீசையை வழிச்சிய?"

பாக்கியசீலன் எட்டி முன்வரிசைகளைப் பார்த்தார். இரண்டு வரிசைக்கு முன்னால் அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஹசன் அலி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் ஒரு சொல் விழுந்தால் போதும், திங்கட்கிழமை பிரேயர் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விடும்.

கிரேஸ் விடவில்லை. "இருவத்திரெண்டு வருசமாச்சு. குத்துது, கொஞ்சம் கொறைங்கன்னு எத்தனை மட்டம் கேட்டிருப்பேன்? எனக்காக ஒருநா அதுல கத்திரி வச்சியளா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "நான் அஞ்சு மணி பஸ்ஸுல திசையன்விளைக்குப் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. நீங்க இவளைப் பாத்துக்கிட்டே இருங்க."

பாக்கியசீலன் பதறி எழுந்தார். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வேதத்து மேல சத்தியமாச் சொல்லுதேன், அந்தப் பொம்பளை முக்கூடலுக்கே வரல. ஆத்துத் தண்ணி ஆகாதுன்னு மெட்ராஸ்லயே இருந்துக்கிட்டா. நான் அவளைக் கண்ணால கண்டதே இல்ல."

"வேதத்து மேலயே பொய்யா?" கிரேஸ் திரையை நோக்கிக் கையை நீட்டினாள். "அந்தா முக்கூடல் படித்துறை. அந்தா ஒடஞ்ச படி. அந்தா அவ கெடக்கா. எனக்கு என்ன கண்ணு தெரியாதா?"

பாக்கியசீலன் முன்னால் ஹசன் அலியின் பிடரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து மனைவியின் காதோடு சொன்னார்.

"ஏட்டி, அது நாந்தாம்ட்டி."