இடது கால்

"யாரைக் கேட்டு அவ கால்ல கைய வச்சே?"

அகிலன் கத்தியதில் தேக்கா காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எதிரே இருந்த ரோனி பால் சேர்க்காத தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"மெதுவா பேசுங்க அத்தான். அடிக்க வந்துடப் போறாங்க. உங்கள இல்ல, என்னை."

நடுவே மடிக்கணினி. திரையில் ஒரு பெண் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடந்து வந்து கைகூப்பினாள். நேராக, சீராக நடந்தாள்.

அகிலனும் அவன் மனைவி ஷாரனும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துத் தங்களுக்கென ஒரு மெய்நிகர் உலகம் கட்டிக்கொள்ளலாம். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம்; பொறுப்பாளர் ஒருவர் பார்த்துச் சேர்த்தால்தான் உள்ளே போகும்.

கையேடு முழுவதும் ஷாரன் எழுதியது. புதியவர்களை வரவேற்கும் அந்தப் பெண்ணை, ஷாரனின் நடையைப் படம்பிடித்து அகிலன் செய்தான். ஷாரன் இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள்.

போன வருடம் அவள் இறந்த பிறகு, குவிந்து கிடந்த திருத்தங்களை அகிலன் திறக்கவே இல்லை. அவள் தம்பி ரோனிதான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்து வந்தான்.

"அது அவ நடை. உனக்குப் பிடிக்கலன்னா மாத்திடுவியா?"

"உலகம் பூரா டவுன்லோட் பண்றாங்க. அக்கா நொண்டுறத எல்லாரும் பாக்கணுமா?"

"அவளுக்கே அதுல வெக்கம் கிடையாது."

"உங்ககிட்ட சொன்னாளா?"

"கூட வாழ்ந்தவன்டா நான். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி அவள நாற்காலிய விட்டு எழுந்திரிக்க விடாத குடும்பம்லா உங்களுது. இப்ப செத்த பிறகும் மறைக்கணுமா?"

ரோனியின் கரண்டி நின்றது. "அந்தத் திருத்தத்த முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன். உன் பேரு இருக்கு. அது போதும்."

அகிலன் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். ஒரு திருத்தத்தை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். எழுதியது எல்லோரிடமும் நகலாகப் போய்விடும். பிறகு அழிக்க முடியாது.

"அவளைத் தெரியாதவர் செய்த திருத்தம். நீக்கப்படுகிறது" என்று தட்டி அனுப்பினான்.

திரையில் அந்தப் பெண் மறுபடி நடந்து வந்தாள். இடது கால் இழுபட்டது.

"உன் அனுமதியையும் எடுத்துட்டேன். இனிமே நீ இதுல இல்ல. போய் உங்கம்மாகிட்ட சொல்லு."

ரோனி எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"என் பேரு, சேர்த்தவன்னு போட்டிருக்கும். அதுக்கு மேல எழுதினவங்க பேரு இருக்கும். அத எப்பவாவது பாருங்க."

அகிலன் திரையை மேலே நகர்த்தினான். அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்து எழுதி அனுப்பினது அக்கா."